தண்பெட்டிக்கு நான் போட்ட விலை

மார்ச் 9, சனி

சேனாதிபதி இன்று நேரிலேயே வந்துவிட்டார். ஒரு மில் முதலாளி என் ஆபீஸ் மாடிப்படி ஏறி வருவதெல்லாம் லேசில் நடக்கிற காரியமில்லை. ஒரு போன் போட்டிருந்தால் நானே போயிருப்பேன். ராம் நகரில் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் மோர் வரவழைத்தேன்.

அவருடைய செம்பரிதி இன்வெஸ்ட்மென்ட்ஸ் நான்கு சின்னக் கம்பெனிகளில் பணம் போட்டிருக்கிறது. அதில் ஒன்று தண்பெட்டி. இந்த மார்ச் 31 அன்று அந்தப் பங்குகளின் நியாய மதிப்பு என்ன என்று நான் கணக்கிட்டுத் தர வேண்டும். அந்த எண்தான் செம்பரிதியின் ஆண்டறிக்கையில் ஏறும்.

என் தொழிலைப் பற்றி மரகதத்துக்கு எப்போதும் ஒரு கேலி. "விக்காத மாட்டுக்கு, வித்தா என்ன வெலைன்னு சொல்றதுக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுனவரு எங்க வீட்டுக்காரரு" என்பாள். முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. சந்தையில் தினமும் கைமாறும் பங்கு என்றால் பேப்பரைப் பார்த்து எழுதிவிடலாம். அது முதல் படி. அதைப் போன்ற வேறொன்று எங்காவது விலைபோயிருந்தால் அதை வைத்துக் கணிக்கலாம். அது இரண்டாம் படி. இரண்டுக்கும் வழியில்லாதது மூன்றாம் படி. அங்கே என்னைப் போன்ற ஒருவன் உட்கார்ந்து, இந்தக் கம்பெனி இனிமேல் என்ன சம்பாதிக்கும், எதனால் சறுக்கும் என்று யோசித்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். தண்பெட்டி மூன்றாம் படி.

கணக்குப் பார்க்கிற எல்லாருமே அவருக்கு ஆடிட்டர்தான். கிளம்பும்போது சேனாதிபதி சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. "ஆடிட்டரே, பாத்துப் போடுங்க. எச்சாப் போட்டு நாளைக்கு நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிக்கற மாதிரி ஆயிறக் கூடாது. கம்மியா வந்தாலும் எனக்கு வருத்தமில்லீங்க." இத்தனை வருடத் தொழிலில் குறைத்துப் போடுங்கள் என்று சொன்ன முதல் முதலாளி இவர்தான். மற்றவர்கள் எல்லாரும் ஏற்றிப் போடச் சொல்லி உயிரை வாங்கியவர்கள். மீதி மூன்று கம்பெனிகளையும் அடுத்த வருடம் என்னிடமே தருவதாகச் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தண்பெட்டியை நடத்துகிற இளவெயினி என் மனைவியிடம் இயற்பியல் படித்தவள் என்பதையும் சொல்லிவிட்டேன். "ஊருல பாதிப் பொண்ணுக உங்க வீட்டம்மாகிட்டப் படிச்சதுகதானுங்களே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 13, புதன்

ஒப்பந்தத்தைப் படித்தேன். செம்பரிதி ஒரு பங்கை இருநூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது. அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. வெளி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு வாங்கிய விலையில் பாதிக்குக் கீழே போனால், இளவெயினியின் பங்கு முழுவதையும் அந்த மதிப்புக்கே எடுத்துக்கொள்ளும் உரிமை செம்பரிதிக்கு உண்டு. அதாவது நூறுக்குக் கீழே ஒரு எண் வந்தால் கம்பெனி அவள் கையை விட்டுப் போகும்.

கடுமையான ஷரத்து. பணம் தேவைப்பட்ட நேரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். காய்ச்சலைப் பார்க்கிறவன் நோயாளிக்கு நாளை கல்யாணமா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

மார்ச் 21, வியாழன்

சாயங்காலம் இளவெயினி வந்தாள். கையில் ஒரு கிலோ மைசூர்பா. உள்ளே நுழைந்ததும் மரகதத்தைக் கட்டிக்கொண்டாள். என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன்.

"மூணு மாசம், மிஸ்."

மரகதம் அப்படியே நின்றாள். பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். இளவெயினிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில் என்று மரகதத்துக்குத்தான் தெரியும். எங்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவே இல்லை. அதற்காக மரகதம் யார் வீட்டு நல்ல காரியத்துக்கும் முகம் சுருங்கிப் போனதில்லை. இன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுங்க மிஸ். செம்பரிதிக்காரங்களுக்கும் சொல்லல. அஞ்சு மாசம் முடியட்டும்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்ககிட்டயும் சார்கிட்டயும் மட்டும் சொல்லாம இருக்க முடியல."

எனக்கும் கண் கலங்கியது. மைசூர்பா இரண்டு துண்டு தின்றேன். சர்க்கரை நூற்றறுபதில் நிற்கிற மனுஷன் என்பதை மரகதம் கூட இன்று மறந்துவிட்டாள்.

மார்ச் 31, ஞாயிறு

மதிப்பு இந்த ஒரு நாளுக்குத்தான். இன்றைக்கு இந்தப் பங்கை விற்றால், விவரம் தெரிந்த, அவசரமில்லாத ஒருவர் என்ன கொடுப்பார் என்பதுதான் கேள்வி. நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்குத் தெரிந்ததாக எழுதக் கூடாது. வருடா வருடம் மார்ச் 31 வந்தால் எனக்கு ஒரு மரியாதை தோன்றிவிடும்.

முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல் என்று மரகதம் திட்டினாள்.

ஏப்ரல் 8, திங்கள்

அரசூரில் தண்பெட்டியின் பட்டறைக்குப் போனேன். சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர்பெட்டி செய்கிறார்கள். அநேகமாகப் பூ வியாபாரிகளுக்கு. சத்தியமங்கலத்திலிருந்து ராசாமணி என்ற வியாபாரி அம்மாள் ஒரு பெட்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்து காட்டினார். முந்தாநாள் பறித்த மல்லிகை மொட்டாகவே இருந்தது.

"முகூர்த்தம் இல்லாத நாள்ல பூவ ரோட்டோரம் கொட்டீட்டுப் போவோமுங்க. இப்பப் பொட்டில போட்டு வெச்சு, வெல ஏறுன பொறகு விக்கறேன். இந்தப் புள்ள நல்லா இருக்கோணும்" என்றார்.

நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வருடம் விற்பனை இரட்டிப்பாகும் என்று இளவெயினி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி ஆரம்பிக்கிற எல்லாரும் இரட்டிப்பு என்றுதான் சொல்வார்கள். நான் பாதியளவே கூடும் என்று வைத்தேன். என் கை எப்போதும் குறைவாகத்தான் அளக்கும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தையே நான் பாதியாகத்தான் சொன்னேன் என்று மரகதம் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சேனாதிபதியின் மருமகன் பிரனேஷும் வந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பி ஆறேழு மாதமாகிறது, இன்னும் எதிலும் உட்காரவில்லை. பட்டறையை மூலை மூலையாகச் சுற்றிப் பார்த்தார். எந்த அறையில் ஏசி போடலாம் என்று கூடக் கேட்டார். ஆர்வமுள்ள பையன்.

"மேடம், உங்களைத் தவிர இதை யார் ஓட்டுவாங்க?" என்று அவர் கேட்டார்.

"நாலு பேருக்கு எல்லாமே தெரியும்ங்க" என்றாள் இளவெயினி.

நல்ல கேள்வி. குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி. வேலை எதுவும் செய்யவில்லை. இளவெயினி போன் செய்து மரகதத்துடன் வெகுநேரம் பேசினாள். வாந்தி அதிகமாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 20, சனி

இன்று முழுக்கக் கழிவு விகிதத்தோடு மல்லுக்கட்டினேன். நாளை வரப்போகும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று குறைத்துப் பார்க்கிற விகிதம் அது. பயம் கூடினால் விகிதம் கூடும், விகிதம் கூடினால் மதிப்பு இறங்கும்.

தண்பெட்டியில் பெரிய பயம் ஒன்றுதான். எல்லாம் ஒரே ஆளின் தலையில் நிற்கிறது. ஸ்தாபகர் ஆறு மாதம் வேலைக்கு வர முடியாமல் போனால் ஆர்டர் என்ன ஆகும்? இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் நான் என்ன மதிப்பீட்டாளன்? விகிதத்தில் நான்கு புள்ளி கூட்டினேன்.

மூன்றாம் படியில் இந்த மாதிரி அனுமானங்களுக்கு மதிப்பீட்டாளனின் அனுபவம்தான் ஆதாரம். புத்தகம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

முதல் கணக்கு முடிந்தது. ஒரு பங்கு 115 ரூபாய் வந்தது. கொஞ்சம் தாராளமாகத் தெரிந்தது. ஒரே ஆளை நம்பியிருக்கும் கம்பெனிக்குக் கடைசியில் தனியாக ஒரு கழிவு போடுவது வழக்கம். இருபது சதவீதம் போட்டேன். 92.

மறுபடி சரிபார்த்தேன். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. நூறுக்குக் கீழே போகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. அதைப் பார்த்து எண்ணை மாற்றினால்தான் தப்பு.

மே 3, வெள்ளி

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். 92 ரூபாய்.

மே 18, சனி

செம்பரிதியின் தணிக்கையாளர்கள் என் எண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு எண் ஏறினால்தான் சந்தேகம் வரும், இறங்கினால் வருவதில்லை. செம்பரிதியின் கணக்கும் இயக்குநர் கூட்டத்தில் பாஸாகிவிட்டது. சேனாதிபதி போனில், "உங்களுக்கு முதுகெலும்பு இருக்குதுங்க ஆடிட்டரே. தெரிஞ்ச புள்ளைன்னு பாக்காம எழுதீட்டீங்க" என்றார். ஒரு பெட்டி அல்போன்சா மாம்பழம் அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பவில்லை, பழம்தானே.

சுயேச்சையான மதிப்பீட்டாளன் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அது சும்மா வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மே 24, வெள்ளி

இளவெயினிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. ஷரத்தின்படி அவளுடைய பங்குகளை 92 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் ஜூன் 8-க்குள் தெரிவிக்க வேண்டும். அதுவும், அறிக்கையில் இன்ன பிழை இருக்கிறது என்று மதிப்பீட்டாளரே எழுதிக் கொடுத்தால்தான் செல்லும்.

அவள் மரகதத்துக்குப் போன் செய்திருக்கிறாள். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மரகதம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவி கூடப் போடவில்லை.

"அந்தப் புள்ளையோட கம்பெனிக்கு வெல போட்டது நீங்களா?"

"நான் யார் கம்பெனியையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. மதிப்பு போட்டேன்."

"அதைத்தானே கேட்டேன்" என்றாள். சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதிதாக உட்காரப் போகிறவர் பிரனேஷாம். ஏசி எந்த அறைக்கு என்பது இப்போது புரிகிறது. குறைவாகப் போடச் சொன்னவரை நான் யோக்கியர் என்று நினைத்தேன். கேட்டது ஏற்றமா இறக்கமா என்று பார்த்தேனே தவிர, எதற்குக் கேட்கிறார் என்று பார்க்கவில்லை.

மே 26, ஞாயிறு

இளவெயினி வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. மரகதம் அவளுக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். என் அறிக்கையின் நகலை இளவெயினி மேஜை மேல் வைத்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது இரண்டே கேள்வி.

"சார், நான் இல்லாமப் போயிட்டா என்ன ஆகும்ங்கற பயத்துக்கு விகிதத்துல நாலு புள்ளி கூட்டியிருக்கீங்க. அப்புறம் கடைசியில அதே பயத்துக்குத் தனியா இருபது பர்சன்ட் கழிச்சிருக்கீங்க. ஒரே பயத்தை ரெண்டு தடவை கழிக்கலாங்களா?"

நான் அறிக்கையைக் கையில் எடுத்துப் புரட்டினேன். புரட்ட அவசியமே இல்லை. அவள் சொன்ன நொடியே தெரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் முதல் வருடப் பயிற்சிக்கு வருகிறவர்களை நாங்கள் எச்சரிக்கிற பிழை அது. அதிகமாகக் காட்டிவிடக் கூடாது என்று பயந்து பயந்து, ஒரே காரணத்துக்கு மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் வெட்டுவது. நியாய மதிப்பில் தாராளத்துக்கும் இடமில்லை, கஞ்சத்தனத்துக்கும் இடமில்லை. இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

"பார்க்கிறேன்" என்றேன்.

"இன்னொண்ணு சார். அறிக்கையில 'ஸ்தாபகர் ஆறு மாதம் வர இயலாத நிலை'ன்னு எழுதியிருக்கீங்க. ஒரு மாசம்னு போடல. ஒரு வருஷம்னும் போடல. ஆறு மாசம்னு எப்படிங்க சார் போட்டீங்க?"

பிரசவ விடுப்பு ஆறு மாதம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மரகதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு பொதுவான அனுமானம் என்றேன்.

"ஆறு மாசத்துக்கு யார் யார் எதைப் பாக்கணும்னு நான் மார்ச் மாசமே பிரிச்சுக் குடுத்துட்டேன் சார். நாலு பேருக்கும் பழக்கியாச்சு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேன். பட்டறைக்கு வந்தப்பக் கூட நீங்க கேக்கல."

ஜூஸைப் பாதி குடித்துவிட்டு எழுந்தாள். வாசல் வரை மரகதம் போனாள். நான் போகவில்லை.

மே 27, திங்கள்

ஒரு கழிவை எடுத்துவிட்டால் 115 வருகிறது. அந்த நான்கு புள்ளியில் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். வெளியில் விவரம் தெரிந்த ஒருவர் மார்ச் 31 அன்று என்ன அறிந்திருப்பாரோ அதை மட்டும் வைத்துக்கொண்டால் 128.

எப்படிப் பார்த்தாலும் நூறுக்கு மேல்தான்.

மே 29, புதன்

சேனாதிபதியைப் போய்ப் பார்த்தேன். கணக்கில் ஒரு தவறு நேர்ந்திருக்கலாம், அறிக்கையைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்றேன். கோபப்படவே இல்லை. காபி கொண்டுவரச் சொன்னார்.

"ஆடிட்டரே, போர்டு பாஸ் பண்ணியாச்சுங்க. தப்பு இருந்தா அடுத்த வருஷக் கணக்குல திருத்திக்கலாம்னு உங்க சட்டத்துலயே இருக்குதுங்களே. போன வருஷ எண்ண மாத்திப் போட்டு, கீழ ஒரு குறிப்பு எழுதுனா முடிஞ்சுது."

"கணக்கைத் திருத்தலாம். அதற்குள் அவள் பங்கு கைமாறியிருக்குமே?"

"அது வேற, இது வேறயிங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பேரு கெட்டுப்போறதுல எனக்கு இஷ்டமில்லீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றும் சொன்னார்.

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். குடித்திருக்க வேண்டாம்.

ஜூன் 1, சனி

இளவெயினிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவளுடைய வக்கீல் அதை வைத்துத்தான் ஆட்சேபம் கொடுப்பார். எழுத உட்கார்ந்தேன். "ஆழ்ந்த மறுபரிசீலனைக்குப் பின்" என்று தொடங்கினேன். நன்றாக வரவில்லை.

ஜூன் 3, திங்கள்

மின்சாரம் இல்லை. கடிதம் நகரவில்லை.

ஜூன் 5, புதன்

மூன்றாவது வரைவு. இரட்டைக் கழிவைச் சொன்னால் போதுமா, அந்த ஆறு மாதத்தையும் சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு மதிப்பீட்டாளன் தன் வீட்டுக் கூடத்தில் நம்பிக்கையாகச் சொல்லப்பட்ட விஷயத்தை அறிக்கையில் நுழைத்தான் என்று எழுதினால், அதற்குப் பிறகு எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சங்கத்தில் என் பதிவே போய்விடும். எழுதாமலே காரியம் நடக்குமானால் எழுதுவானேன்.

மரகதம் தினமும் காலையில், "அனுப்பீட்டீங்களா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

அனுப்பிவிட்டேன். "தொழில்முறைத் தீர்மானத்தின் சில அம்சங்களில், ஒரே காரணி இருமுறை பிரதிபலித்திருக்கக் கூடும்" என்று எழுதினேன். மரகதம் நகலைப் படித்துப் பார்த்தாள்.

"பத்தாங்கிளாஸ்ல பொண்ணுக பதில் தெரியாதப்ப இப்பிடித்தான் எழுதும். படிச்சா தப்பும் இருக்காது, விசயமும் இருக்காது" என்றாள். "நீங்க என்ன பண்ணீங்கன்னு இதுல எங்க இருக்குது?"

"படிக்கிறவர்களுக்குப் புரியும்."

"எனக்குப் புரியலீங்க" என்று நகலை மடித்து வைத்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

செம்பரிதியின் வக்கீல் பதில் அனுப்பிவிட்டார். "மதிப்பீட்டாளர் தமது தீர்மானத்தைப் பற்றி மாற்றுக் கருத்து ஒன்றைத் தெரிவித்துள்ளாரே அன்றி, பிழை என்று எங்கும் கூறவில்லை. எனவே ஆட்சேபம் செல்லாது." கெடு முடிந்து மூன்று நாளாகிறது.

அவர் சொன்னது சரி. நான் எங்கும் பிழை என்று எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்குத்தான் ஒரு வாரம் பாடுபட்டேன்.

ஜூன் 12, புதன்

காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். வரைவு எதுவும் தேவைப்படவில்லை.

"மார்ச் 21 அன்று இளவெயினி எங்கள் வீட்டுக்கு வந்து தான் கருவுற்றிருப்பதை எங்களிடம் மட்டும் சொன்னார். அதை நான் அவருக்குத் தெரியாமல் என் கணக்கில் ஆபத்தாகச் சேர்த்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை சேர்த்துக் கழித்தேன். அவரிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. 92 ரூபாய் என்பது பிழை. சரியான மதிப்பு 128 ரூபாய்."

இளவெயினிக்கு, சேனாதிபதிக்கு, தணிக்கையாளர்களுக்கு, எங்கள் மதிப்பீட்டாளர் சங்கத்துக்கு என்று நான்கு பிரதி. மரகதத்திடம் நீட்டினேன். படித்தாள். தானே செருப்பை மாட்டிக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனாள்.

இந்த ஐந்தாறு வரியை ஜூன் 1 அன்றே எழுதியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

வக்கீல் சொன்னதை இளவெயினி போனில் தெரிவித்தாள். கடிதம் வலுவானதுதானாம். ஆனால் கெடு தாண்டி வந்ததால் மத்தியஸ்தத்துக்குப் போய்த்தான் வாதாட வேண்டும், இரண்டு மூன்று வருடமாகும் என்றாராம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று மதியம் பங்குகளை மாற்றிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"லெட்டர் கெடச்சுது சார். எழுதுனதுக்கு தேங்க்ஸ்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னித்துக்கொள் அம்மா என்று சொன்னேன். "வெச்சிடறேங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. உள்ளதை எழுதிப் போட்டுவிட்டேன். சேனாதிபதி அந்த மூன்று கம்பெனிகளையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். விசாரித்தவர்களிடம், எனக்கு வயதாகிவிட்டது என்று சொன்னாராம்.

ஜூலை 12, வெள்ளி

இன்று இளவெயினிக்கு வளைகாப்பு. ஆடி பிறப்பதற்குள் நடத்திவிட வேண்டும் என்று அவள் அம்மா அவசரப்படுத்தினாராம். பத்திரிகையில் இருவர் பெயரும் இருந்தது. நான் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். மரகதம் பார்த்துவிட்டு, "நீங்க வர வேண்டாமுங்க. உங்களப் பாத்தா அந்தப் புள்ள சிரிச்சுத்தான் பேசும். அந்தக் கஷ்டம் அவளுக்கு எதுக்கு?" என்றாள். சட்டையை மறுபடி மாட்டி வைத்தேன்.

போகும்போது மரகதம் பட்டுப்புடவை, இரண்டு டஜன் கண்ணாடி வளையல், ஒரு வெள்ளிக் கிண்ணம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். குழந்தை பிறந்ததும் பத்து நாளாவது அவள் வீட்டிலேயே போய் இருந்து கூடமாட ஒத்தாசை செய்வதாக மார்ச் மாதத்திலிருந்தே திட்டம் போட்டிருந்தாள். கம்பெனி போனது போகட்டும், அந்தக் குழந்தை நம் மடியில் தவழும் என்று நேற்றுக் கூடச் சொன்னாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். கைநிறைய வளையல். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். நன்றாக நடந்ததா என்று கேட்டேன்.

"நல்லா நடந்துது. எல்லாரும் வந்திருந்தாங்க. பட்டறைல இருந்து கூட நாலு பேரு வந்திருந்தாங்க. புதுசா வந்தவரு இவங்களக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் பண்றாராம்."

"அவள் எப்படி இருக்கிறாள்?"

"நல்லாத்தான் இருக்கறா. வாய் நெறையச் சிரிச்சா. வளையல் போடறப்ப என்னைத்தான் மொதல்ல போடச் சொன்னா."

மரகதம் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்று இறுகிக்கொண்டது. சோப்பு எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"தேதி என்னைக்குக் குடுத்திருக்காங்கன்னு கேட்டேன். நான் வந்து இருக்கணுமில்லீங்களா, அதுக்காகத்தான் கேட்டேன். என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'அது மட்டும் கேக்காதீங்க மிஸ். பொறந்ததுக்கப்புறம் சொல்றேன்'னா."

சொல்லும்போது மரகதத்தின் வாய் கோணியது.

"எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கறா" என்றாள்.

நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளே எழுந்து முகம் கழுவப் போனாள்.